உயிர் யாருக்குச் சொந்தம் என்பதைவிட, யாருக்குச் சொந்தமில்லை என்பதே கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குணமாகும் வாய்ப்பு இல்லாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கும், ‘லிவிங் வில்’ எனப்படும் முன்கூட்டிய மருத்துவ உயில் குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் வாசகர் கடிதங்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கின்றன. என் உடம்பு என்னுடையது, வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்கிறது ஒன்று. உயிரைக் கொடுத்தவன் எடுத்துக்கொள்வான், நடுவில் கைவைக்க நாம் யார் என்கிறது மற்றது. இரண்டு தரப்புமே தங்கள் கொள்கையைக் கடைசி வரைக்கும் கொண்டுபோய்ப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

சண்டை பழையதுதான். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 1689-ல் வெளியிட்ட, அரசாட்சி பற்றிய இரண்டாம் நூலில் இரு பதில்களும் சேர்ந்தே இருக்கின்றன. 27-ஆம் பத்தியில், அவரவர் மேனி அவரவருக்கே சொந்தம், அதில் வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை என்கிறார். 6-ஆம் பத்தியில், மனிதர் எல்லாரும் இறைவன் செய்த பொருள், அவனுடைய உடைமை, ஆகவே தன்னை அழித்துக்கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை என்கிறார். 23-ஆம் பத்தியில் இன்னொரு படி போய், தன் உயிர்மீதே முழு அதிகாரம் இல்லாதவன் தன்னை அடிமையாக விற்கவும் முடியாது என்கிறார். முரண்பாடு மாதிரி தெரியும். ஆனால், குத்தகை நிலத்தை நினைத்துப் பாருங்கள். நிலக்காரரிடம் குத்தகைதாரர் சொந்தம் கொண்டாட முடியாது. வரப்பைத் தாண்டி வருகிற மற்ற எவரையும் விரட்டலாம். லாக் சொல்லும் சுதந்திரம் இந்த வகை. (இத்தனையும் எழுதியவர் அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். கொள்கை எவ்வளவு திடமாக இருந்தாலும் மனிதரைக் காப்பாற்ற அது மட்டும் போதாது.)

நமக்கு இது புதிதும் அல்ல. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்று பாடியபோது, அந்தத் துணிச்சல் ‘நான் எனக்கே சொந்தம்’ என்பதிலிருந்து வரவில்லை. சங்கரனுக்கு மீளா ஆள் ஆகிவிட்டதால் அரசனுக்குக் குடி இல்லை, நமனுக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்பதே அவர் வாதம். அடிமைத்தனத்தைச் சொல்லி விடுதலையை வாங்குகிறார். இறையாணை என்றாலே அடங்கிப் போவதுதான் என்று நினைக்கும் பகுத்தறிவு நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது ‘என் உடம்பு என் சொத்து’ என்போரைக் கேட்கிறேன். சொத்து என்றால் விற்கலாம். 1974-ல் அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் கூச்சப்படாமல் அந்த முடிவுக்கே போனார். சுதந்திரமான அமைப்பில் ஒருவன் தன்னையே அடிமையாக விற்றுக்கொள்ளவும் இடமுண்டு என்றார். நம் நாட்டுச் சட்டம் அங்கே போக மறுக்கிறது. கடனுக்காகத் தன் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம், 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, அவரே மனமுவந்து கைநாட்டு வைத்திருந்தாலும் செல்லாது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி சிறுநீரகத்தைத் தானமாகக் கொடுக்கலாம், விற்க முடியாது. மீறினால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

ஏன் இந்தத் தடை என்பதற்குச் சென்னையே சாட்சி. ஒரு காலத்தில் வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வைத்த ஊர் இது. இங்கே சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் எடுத்த ஆய்வு 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. கையில் கிடைத்தது சராசரியாக 1,070 டாலர். அதன் பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 86 சதவீதம் பேர் உடல்நிலை மோசமானதாகச் சொன்னார்கள். 79 சதவீதம் பேர் இன்னொருவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றார்கள். 2025-ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் நடந்ததும் இதே கதைதான். கந்துவட்டிக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவனிடம் ‘உன் உடம்பு உன் சொத்து’ என்று சொல்வது, அடகு வைக்க இன்னொரு பொருளைக் காட்டிக் கொடுப்பதில்தான் முடிகிறது.

மறுபக்கம் ‘கடவுள் விட்ட வழி’ என்போர். கடவுள் விட்ட வழியில் போகவிடாமல்தானே நிமிடத்துக்குப் பதினாறு முறை மெஷின் மூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கிறது? கத்தோலிக்கத் திருச்சபை இதை எப்போதோ யோசித்துவிட்டது. 1957 நவம்பரில் மயக்க மருந்து நிபுணர்களிடையே பேசிய போப் பன்னிரண்டாம் பயஸ், உயிர் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள்வது கடமை, அளவுக்கு மீறிய வழிகளைக் கையாண்டே தீர வேண்டும் என்ற கடமை இல்லை என்றார். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரோ ரத்தம் ஏற்ற வேண்டாம் என்பதற்கு இறை ஆணையைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அடித்தளம் கடவுள், ஆனால் மருத்துவரிடம் வைக்கும் கோரிக்கை ‘என் உடம்பைத் தொடாதே’ என்பது.

ஆக, உயிர் எனக்குச் சொந்தமா கடவுளுக்குச் சொந்தமா என்பதில் ஊர் இரண்டு படட்டும். மருத்துவமனைக்கோ, மூத்த மகனுக்கோ, அரசுக்கோ, கடன் கொடுத்தவனுக்கோ அது சொந்தமில்லை என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான். சிகிச்சையை மறுப்பது மற்றவர் கையைத் தள்ளிவைப்பது. விற்பது மற்றவர் கையில் ஒப்படைப்பது. முன்னதை அனுமதித்துப் பின்னதைத் தடுப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

உச்ச நீதிமன்றம் வந்து நின்றதும் ஏறத்தாழ இந்த இடத்தில்தான். 1996-ல் கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள், உயிர்வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்றார்கள். ஆனால் இயற்கையான முடிவு நெருங்கும்போது கண்ணியத்தோடு போகும் உரிமை அடங்கும் என்றார்கள். 2018 மார்ச் 9-ல் காமன் காஸ் வழக்கில் லிவிங் வில் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதற்கு ஆதாரமாக அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் கண்ணியத்தையும் தன்னைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமையையும் காட்டினார்கள். ஊசி போட்டு உயிரை எடுப்பது இன்றும் குற்றம்.

2018-ல் வகுத்த நடைமுறை யாராலும் கடக்க முடியாத அளவு நீளம்: குற்றவியல் நடுவரின் கையெழுத்து, 20 ஆண்டு அனுபவமுள்ள மருத்துவர்கள், ஆட்சியர் அமைக்கும் இரண்டாம் குழு. 2023 ஜனவரி 24-ல் அதைக் குறைத்தார்கள். இப்போது 18 வயது நிறைந்த, தெளிந்த மனநிலை உள்ள எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்கள் உறவுக்கோ ஆதாயத்துக்கோ தொடர்பில்லாதவர்களாக இருந்தால் நல்லது. நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். முத்திரைத்தாள் வேண்டும் என்று தீர்ப்பு சொல்லவில்லை. ஒரு பிரதி குடும்ப டாக்டருக்கு, ஒரு பிரதி மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் இதற்கென நியமிக்கப்பட்ட அலுவலருக்கு. எப்போது வேண்டுமானாலும் எழுத்துமூலம் ரத்து செய்யலாம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் வாசகத்தில். ‘தேவையில்லாத சிகிச்சை வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால் எது தேவையில்லாதது என்று டாக்டர் எப்படி முடிவெடுப்பார்? தெளிவில்லாத உயிலை மருத்துவக் குழு நடைமுறைப்படுத்தக் கூடாது என்றே தீர்ப்பு சொல்கிறது. குணமாகும் வாய்ப்பு இல்லை என்று உறுதியான நிலையில், இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்பது, வென்டிலேட்டர், டயாலிசிஸ், மூக்குக் குழாய் வழி உணவு ஆகிய ஒவ்வொன்றும் வேண்டுமா வேண்டாமா என்று தனித்தனி வரியாக எழுத வேண்டும். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் கடைசிவரை மருந்து தர வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும். இதை எழுதாவிட்டால் ‘ஒன்றும் செய்யாமல் சாகவிட்டார்கள்’ என்று உறவுக்காரர்கள் ஆரம்பிப்பார்கள்.

அடுத்த தவறு, நமக்கு நினைவில்லாதபோது நமக்காக முடிவு சொல்ல ஒரே பெயரைப் போடுவது. அவர் துபாயில் இருந்தால், அல்லது ஐசியு வாசலில் தைரியம் இழந்தால் எல்லாம் நின்றுவிடும். ஒன்றுக்கு மேற்பட்டவரைக் குறிப்பிட 2023 தீர்ப்பு வழி செய்திருக்கிறது. அப்படிக் குறிப்பிடுபவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசிவிடுவது கையெழுத்தைவிட முக்கியம். மூன்றாவது, சொத்து உயிலோடு சேர்த்து பீரோவில் பூட்டுவது. அது செத்த பிறகு திறக்க வேண்டியது. இது உயிரோடு இருக்கும்போதே எடுக்க வேண்டியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். விபத்தில் அடிபட்டு, குணமாகும் வாய்ப்போடு வருகிறவருக்கு இந்தத் தாள் பொருந்தாது. பிழைக்க வாய்ப்புள்ளவருக்கு அவசர சிகிச்சை நடக்கத்தான் வேண்டும்.

நேரம் வரும்போது நடப்பது இது. சிகிச்சை தரும் மருத்துவரும், அந்தத் துறையில் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இருவரும் முதல் குழு. கூடுமானவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். பிறகு, தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரும் முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும் கொண்ட இரண்டாம் குழு. அதற்கும் 48 மணி நேரம். உயிலில் பெயர் உள்ளவர்களின் சம்மதமும் வேண்டும். நடுவருக்குத் தகவல் சொல்லிவிட்டு முடிவைச் செயல்படுத்தலாம். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். எழுதிவைக்காதவருக்கும் நெருங்கிய உறவினர் சம்மதத்தோடு இதே இரண்டு குழு முறை உண்டு. இது தெரியாததால்தான் பல குடும்பங்கள் ‘எங்கள் பொறுப்பில் கூட்டிப் போகிறோம்’ என்று எழுதிக்கொடுத்துவிட்டு, ஆக்சிஜனும் மார்ஃபினும் இல்லாத வீட்டுக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோகிறார்கள்.

தமிழ்நாட்டில் சிக்கல் எங்கே என்றால், தீர்ப்பு குறிப்பிடும் ‘தலைமை மருத்துவ அதிகாரி’ என்ற பதவிப் பெயர் நம் மாவட்டங்களில் புழக்கத்தில் இல்லை. மருத்துவப் பணிகள் இணை இயக்குநரா, மருத்துவக் கல்லூரி டீனா? ஊராட்சியில் பிரதியை வாங்கிவைப்பது யார்? பல அலுவலகங்களில் கேட்டால் கையை விரிக்கிறார்கள். கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரி 30-ல் ஓர் உத்தரவு போட்டது. மூளைச்சாவை உறுதிசெய்ய உறுப்பு மாற்றுச் சட்டப்படி ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற மருத்துவர்களையே இரண்டாம் குழுவுக்கு நியமித்துக்கொள்ளலாம் என்றது. அதே வகை பட்டியல் உறுப்பு தானத்தில் முன்னோடியான நம் மாநிலத்திலும் இருக்கிறது. சுகாதாரத் துறை அந்தப் பட்டியலை மாவட்டவாரியாக இதற்கும் பயன்படுத்தலாம். உள்ளாட்சித் துறை பிரதி வாங்கும் அலுவலரின் பதவியை வெளிப்படையாக அறிவிக்கலாம். இரண்டுக்கும் புதுச் சட்டம் வேண்டாம், அரசாணை போதும். தங்கள் நிருபர்கள் இரு துறைச் செயலாளர்களிடமும் இதைக் கேட்டு, கிடைக்கும் பதிலை வெளியிட்டால் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி