முதலில் ஏரியைத் தூர் வாருங்கள்

இங்கிலாந்தின் பழைய எஸ்டேட் தோட்டங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரின் பொறுப்பிலுள்ள தோட்டத்தில், 18ஆம் நூற்றாண்டுக் கல்மண்டபம் ஒன்றின் படியில் போன மாதம் நின்றேன். தூண்களைச் சுத்தம் செய்து, கூரைக்குப் புது ஈயத்தகடு போட்டிருந்தார்கள். வேலை அருமை. ஆனால் நிமிர்ந்து பார்த்தால் பத்தடியில் ரோடோடென்ட்ரான் புதர் ஆளுயரத்துக்கு மேல் அடைத்து நிற்கிறது, அதற்குப் பின்னால் ஏரி இருக்கிறது என்பதே வாத்துச் சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. ஏரியைப் பார்ப்பதற்காகத்தானே அந்த மண்டபத்தையே கட்டினார்கள்!

நான் கேட்பது ஒன்றுதான். கட்டடங்களுக்கு முன்னால் தண்ணீருக்கும் திறந்தவெளிக்கும் பணம் ஒதுக்குங்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரிய எஸ்டேட்களுக்குத் தோட்டம் அமைத்த கேப்பபிலிட்டி பிரவுன் பூப்பாத்தி போட்டுப் பெயர் வாங்கியவர் இல்லை. புல்வெளி, மரக்கூட்டம், தண்ணீர் இவற்றை வைத்தே நம் கண் எதுவரை ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவர். வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தூரத்து மாடுகள் நம் புல்தரையிலேயே மேய்வது போலிருக்கும், ஏனென்றால் நடுவில் ஹா-ஹா என்கிற பள்ளமும் அதன் ஒருபக்கச் சுவரும் தரைமட்டத்துக்குக் கீழே மறைந்திருக்கும். அந்தப் பள்ளம் தூர்ந்துபோனால் மாட்டைத் தடுக்க யாராவது கம்பிவேலி போடுவார்கள், அவ்வளவுதான், காட்சி போய்விடும்.

முடியாத வேலை என்று சொல்லாதீர்கள். வூஸ்டர்ஷயரில் உள்ள குரூம் பூங்காவைப் பாருங்கள். சதுப்பாகக் கிடந்த நிலத்தில் 1751 முதல் பிரவுன் வடிகால் வெட்டி, ஏரியும், ஆறு போலவே நெளிந்து போகும் நீர்நிலையும் அமைத்த இடம். பிற்காலத்தில் தண்ணீரில் வண்டல் சேர்ந்தது, புல்வெளியை உழுது பயிர் வைத்தார்கள், போதாததற்கு பூங்காவை வெட்டிக்கொண்டு எம்5 நெடுஞ்சாலையும் வந்தது. 1996இல் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை 670 ஏக்கரை வாங்கி, தூர் வாரி, உழுத நிலத்தைத் திரும்பப் புல்வெளியாக்கி, எஸ்டேட்டின் பழைய செடி பில்களைத் தேடிப் பார்த்து அதே வகைகளை நட்டது. பெயின்ஸ்ஹில் என்கிற இன்னொரு 18ஆம் நூற்றாண்டுத் தோட்டமும் அப்படித்தான், 1980இல் உள்ளாட்சி மன்றம் 158 ஏக்கரை வாங்கியபோது அது கிட்டத்தட்ட காடு.

அப்புறம், மரம் வெட்டுவது. சொன்னாலே ஊர் கொதிக்கும், எனக்கும் மனசு வலிக்கும். ஆனாலும் தானாக முளைத்து அறுபது வருடமாகக் காட்சியை மறைக்கும் சிகமோரும், பிரவுன் காலத்து ஓக்கும் ஒன்றில்லை. முதிய ஓக்கைத் தொடாதீர்கள், வௌவால் தங்குகிறதா என்று பாருங்கள், பட்ட மரத்தையும் முடிந்தவரை விட்டுவையுங்கள். ரோடோடென்ட்ரானை மட்டும் வேரோடு எடுங்கள். வெறுமனே வெட்டினால் மறுபடி துளிர்க்கும், லார்ச் மரங்களைக் கொல்லும் ஃபைட்டாப்தோரா நோயும் அதன் இலையிலிருந்து பரவுகிறது. வெட்டுவதற்கு முன்பு பழைய வரைபடத்தை அந்த இடத்திலேயே மாட்டி, எதற்காக என்று மக்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

சரி, உங்கள் ஏரியைக் கடைசியாக எந்த ஆண்டு தூர் வாரினீர்கள்? அடுத்த பராமரிப்புத் திட்டத்தின் முதல் பக்கத்தில் அந்த ஆண்டைப் போடுங்கள். புதர் வெட்ட ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன்.