தக்காளியைப் பாதி காய்ந்ததும் எடுத்துவிடாதே, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தோம். சமையல் மேடையில் தக்காளி, பாத்திரம் கழுவும் தொட்டியில் தக்காளி, மாப்பிள்ளை கையில் இன்னொரு கூடை. ஆபீசில் எல்லாருக்கும் கொடுத்தாயிற்று, ஃப்ரீசரில் இடமில்லை, காய வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி உன் காதில் விழும், மீதி குழந்தை அழுகையில் போய்விடும். அதனால்தான் கடிதம்.

தாராளமாகக் காய வை. இங்கேயும் இப்போது அதே வேலைதான் நடக்கிறது. உங்கள் மெல்போர்னில் கோடை முடிகிற பிப்ரவரி, மார்ச்சும் நம்முடைய மாசி, பங்குனியும் ஒன்றாக வருவதால் இரண்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் பழம் குவிகிறது. விற்கலாம் என்றால், கிணத்துக்கடவு சந்தையில் வரத்து கூடினாலே விலை படுத்துவிடும். பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று பழத்தைக் காட்டோடு விட்டு ஆட்டை மேயவிடுகிறவர்களை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். அதே தக்காளிதான் 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசாங்கமே விற்றது. அந்த மாதம் நம் வீட்டு ரசத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. பங்குனியில் போட்ட வத்தல் டப்பாவில் இருந்தது.

முறைக்குப் போகுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கிற மாதிரி, பாதி காய்ந்த தக்காளியைப் பூண்டோடு ஆலிவ் எண்ணெயில் போட்டு அலமாரியில் வைக்கப் போவதாகச் சொன்னாய். அது வேண்டாம். மண்ணில் சாதாரணமாக இருக்கும் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமிக்குக் காற்று ஆகாது. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை, பாதி காய்ந்த பழத்தில் ஈரம் இருக்கிறது, பூண்டில் புளிப்பு கிடையாது. அது வளர்ந்து நஞ்சு கக்க வேறென்ன வேண்டும்? வாடையோ நுரையோ காட்டிக்கொடுக்கும் என்றும் நம்ப முடியாது. தக்காளியே புளிப்புதானே என்பாய். புளிப்புதான், ஆனால் பாதுகாப்புக்கு எல்லை என்று வைத்திருக்கிற பி.எச். 4.6-ஐ ஒட்டியே அது நிற்கிறது. பி.எச். என்பது புளிப்பை அளக்கிற எண், அது ஏற ஏறப் புளிப்பு குறைவு. சில ரகங்கள் நன்றாகக் கனிந்தால் அதைத் தாண்டியும் போகும். கம்பெனிக்காரர்கள் வினிகரோ சிட்ரிக் அமிலமோ சேர்த்து, புளிப்பை அளந்துதான் பாட்டிலில் அடைக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. நீ முழுக்க உலர்த்தி, வத்தலாகவே எடுத்து வை. எண்ணெயில் ஊறியதைத் தின்ன ஆசையாக இருந்தால் கொஞ்சமாகப் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்து, நாலு நாளுக்குள் தீர்த்துவிடு.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் பழத்தை ரகம் பிரி. நீ நட்டிருக்கிற ரோமாதான் இதற்குத் தோதானது. சதை அதிகம், விதையும் சாறும் குறைவு. குரோஸ் லிஸ் என்று பெரிது பெரிதாகக் காய்த்திருக்கிறதே, அதை வெயிலில் போட்டால் சாறு வடிந்துகொண்டே கிடக்கும். அதைத் தொக்குக்கு ஒதுக்கு. செர்ரித் தக்காளியை இரண்டாக வெட்டிப் போட்டாலே போதும், உலர்ந்த திராட்சை மாதிரி இனிப்பு ஏறிவிடும். குழந்தைக்குக் கொடுக்கவென்று அதில் மட்டும் உப்புப் போடாமல் கொஞ்சம் காய வை. இங்கே நான் போட்டிருப்பது பி.கே.எம். 1, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து எடுத்தது. காம்பைச் சுற்றிப் பச்சை பாய்ந்திருக்கும், புளிப்பு தூக்கல், சாறும் அதிகம். நியாயமாகப் பார்த்தால் வத்தலுக்கு ஏற்ற பழம் இல்லை. பொள்ளாச்சி வெயிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் இருப்பதால் காய்கிறது.

வெட்டும்போது ஒவ்வொரு பழத்தையும் கவனித்துப் பார். குயின்ஸ்லாந்து பழ ஈ உங்கள் பக்கம் தக்காளியையும் விடாது. வெளியே ஊசி குத்தின மாதிரி புள்ளி இருக்கும், உள்ளே வெள்ளைப் புழு. அப்படிப்பட்டதை உரக்குழியில் போட்டால் அடுத்த வருஷம் ஈயை நீயே வளர்த்த கணக்கு. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போட்டுவிட்டு, அப்புறம் குப்பைத் தொட்டியில் போடு. அழுகல், பூஞ்சை இருக்கிற பழமும் வேண்டாம்.

காம்படியை நீக்கி, நீளவாக்கில் இரண்டாக வெட்டு. பெரிய பழம் என்றால் நான்காக. விதையை எடுப்பதா வேண்டாமா என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு வருஷமும் தகராறுதான். எடுத்தால் சீக்கிரம் காயும் என்பது அம்மா கட்சி, அது உண்மையும்கூட. ஆனால் விதையைச் சுற்றியிருக்கிற கொழகொழப்பில்தான் ருசிக்குக் காரணமான குளுட்டமேட் சதையைவிட அதிகம். ரோமாவில் அது குறைவாகத்தான் இருக்கும், அப்படியே விட்டுவிடு. மற்றதில் வழித்து எடுத்து, அன்று ராத்திரி ரசத்தில் ஊற்று. வீணாக்காதே.

கிலோவுக்கு 10 கிராம் உப்பு, பொடித்துத் தூவு. தண்ணீரை வெளியே இழுக்கும், பூஞ்சையையும் கொஞ்சம் தடுக்கும். அதற்கு மேல் போட்டால், காய்ந்தபின் உப்புக்கண்டம் ஆகிவிடும். வெட்டுப்பக்கம் மேலே பார்க்க அடுக்கு. அலுமினியத் தட்டு, அலுமினியத் தாள், துத்தநாகம் பூசிய கம்பி வலை எதுவும் ஆகாது, புளிப்பு அரித்துவிடும். நாங்கள் மூங்கில் தட்டில் பரப்பி, மேலே பழைய மல் வேட்டியைக் கட்டிவிடுகிறோம். காக்கையை விரட்ட, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் குடை. உங்களுக்குப் பகலில் மேக்பை பறவை, ராத்திரி போசம் என்ற மரமேறி விலங்கு. எப்படியும் பொழுது சாய்வதற்குள் தட்டை உள்ளே எடுத்துவிட வேண்டும். பகலில் விட்ட ஈரத்தைப் பனியில் திரும்பக் குடித்துக்கொள்ளும்.

உன் ஊரில் சிக்கல் வெயில் போதாததில் இல்லை, வெயில் நிலைக்காததில் இருக்கிறது. வடக்கே உள்நாட்டிலிருந்து வறண்ட காற்று அடித்தால் 40 டிகிரி, அன்றைக்குச் சாயங்காலமே தெற்குக் காற்று திரும்பினால் 20 டிகிரி என்று நீயே எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். வத்தலுக்கு அடுத்தடுத்து மூன்று நாலு நாள் 30 டிகிரிக்கு மேல், ஈரமில்லாத காற்றோடு வேண்டும். அந்த உறுதி உனக்கு இல்லை. அதனால் வடக்குக் காற்று அடிக்கிற நாளில் வெளியே போட்டு மேல் ஈரத்தைப் போக்கு, மீதியை ஓவனில் முடி. மின்சாரமும் மிச்சம்.

ஓவனை 60 முதல் 70 டிகிரிக்குள் வை. விசிறி இருந்தால் போடு, கதவை ஒரு கரண்டி செருகுகிற அளவுக்குத் திறந்து வை, ஈரம் வெளியே போக வழி வேண்டும். குழந்தை நடமாடும் வீடு, ராத்திரி அவன் தூங்கின பிறகு செய். ரோமா பாதிகள் முழுவதும் ஓவனிலேயே காய்ந்தால் 8 முதல் 12 மணி நேரம் ஆகும், வெயில் கண்டதற்கு அவ்வளவு வேண்டாம். நேரமாகிறதே என்று சூட்டை ஏற்றிவிடாதே. மேல்பக்கம் விறைத்து மூடிக்கொள்ளும், உள்ளே ஈரம் சிக்கிவிடும். பார்க்கக் காய்ந்ததாகத் தெரியும், பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். ஓரத்தில் இருப்பது முந்திக் காயும், அதை முந்தியே எடு.

காய்ந்ததா என்று கண்ணால் மட்டும் முடிவு செய்யாதே. தக்காளியில் 94, 95 சதவீதம் தண்ணீர்தான். 1 கிலோ பழம் காய்ந்தால் 60, 70 கிராம் தேறும், உப்புப் போட்டது கொஞ்சம் கூட நிற்கும். உன்னிடம் சமையல் தராசு இருக்கிறது. வெட்டிப் பரப்புமுன் ஒரு தட்டை எடை போட்டுக் குறித்துக்கொள். 1 கிலோ இன்னும் 150 கிராமில் நிற்கிறது என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது கைப் பரீட்சை. சூட்டில் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும், ஆறவிட்டுப் பிய்த்துப் பார். விரலில் பிசுபிசுத்தாலோ, அழுத்தினால் ஈரம் கசிந்தாலோ திரும்ப உள்ளே போகட்டும். தோல் மாதிரி வளைகிற பதத்திலேயே நிறுத்தலாம் என்பார்கள். நான் மடக்கினால் ஒடிகிற பதம் வரைக்கும் விடுவேன். கொஞ்சம் மணம் குறையும், பரவாயில்லை. மழைக்காலத்திலும் டப்பாவைப் பயமில்லாமல் திறக்கலாம்.

ஆறியதும் கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு போட்டு மூடி, ஒரு வாரம் வெளியில் கண்ணில் படுகிற இடத்தில் வை. தினமும் ஒரு முறை குலுக்கு. துண்டுகளுக்குள் மிஞ்சிய ஈரம் சமமாகப் பரவும். கண்ணாடியில் ஆவி படிந்தால் மறுபடியும் ஓவன். பூஞ்சை கண்டால் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்காமல் ஜாடியோடு கொட்டிவிடு. வெளியில் காய்ந்ததில் பூச்சி முட்டை இருக்கக்கூடும், அதனால் ஒரு வாரம் தேறினதும் 48 மணி நேரம் ஃப்ரீசரில் வை. இவ்வளவு சுருங்கினதற்காவது இடம் கிடைக்கும். வெளியே எடுத்ததும் திறக்காதே, அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் இருட்டு அலமாரி. நாளாக ஆக நிறம் கறுக்கும், அதற்காகத் தூக்கிப் போடாதே. வைட்டமின் சி-யில் பெரும் பங்கு காய்கிறபோதே போய்விடும், சிவப்பு நிறம் தருகிற லைகோபீன் பெரும்பாலும் தங்கும்.

செலவழிக்கிற வழி இனிமேல்தான். ரசத்துக்கு ஏழெட்டுத் துண்டுகளை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரோடு கரைத்துக்கொள். புளியைப் பாதியாகக் குறை. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும், வத்தலிலேயே இருக்கிறது. பருப்பு வேகும்போது நாலு துண்டு போட்டால் சாம்பாருக்குத் தக்காளி தேட வேண்டாம். ஒடிகிற பதத்தில் இருப்பதை மிக்ஸியில் பொடித்துக்கொள். நடுத்தரப் பழம் ஒன்றுக்கு இரண்டு தேக்கரண்டிப் பொடி சரியாக இருக்கும். ஆனால் பொடி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடும், பத்து நாள் தேவைக்கு மட்டும் அரை. இட்லிப் பொடியில் இதைக் கலந்து அம்மா ஒன்று செய்கிறாள். மிளகாயைக் குறைத்துக்கொண்டு, நல்லெண்ணெயில் குழைத்தால் வேறு சட்னி கேட்காது. தயிர்ச்சோற்றுக்கு வறுக்கப் போகிறாய் என்றால் எண்ணெய் காய்ந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் போடு. இதில் இருக்கிற சர்க்கரை கண்மூடித் திறப்பதற்குள் கருகிவிடும், சுண்டைக்காய் வத்தல் போலப் பொறுமையாகப் பொரியாது.

உன் அப்பத்தா காலத்தில் தக்காளி வத்தல் என்று ஒன்று நம் வீட்டில் கிடையாது. கத்தரி, கொத்தவரை, மோர் மிளகாய், அவ்வளவுதான். தக்காளியை யாராவது காய வைப்பார்களா என்று கேட்டிருப்பாள். உன் பக்கத்து வீட்டு இத்தாலிப் பாட்டி ஊரிலோ, தெற்கு இத்தாலியில், வெயிலில் காய வைப்பது வெகுகால வழக்கம். வருஷத்தில் ஒரு நாள் குடும்பமே கூடித் தக்காளியை வேகவைத்து, பிழிந்து, பாட்டில் பாட்டிலாகச் சாறு அடைக்கிறார்கள் என்று சொன்னாயே, அந்த நாளில் உன்னையும் கூப்பிட்டால் தயங்காமல் போ. ஒரு கூடை குரோஸ் லிஸ்ஸையும் எடுத்துப் போ. பாட்டிலைக் கொதிநீரில் எவ்வளவு நேரம் வைக்கிறார், எலுமிச்சைச் சாறு சேர்க்கிறாரா என்று கவனி.

ஏப்ரலில் குளிர் ஏறினதும் செடியில் நிற்கிற காய் பழுக்காது. லேசாக நிறம் திரும்பியதைப் பறித்து வீட்டுக்குள் வை, ஃபிரிட்ஜில் வேண்டாம், தானாகப் பழுக்கும். முழுப் பச்சையைப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வை. அதற்குப் பிறகு செடியைப் பிடுங்கிவிடலாம். அடுத்த வருஷம் அதே பாத்தியில் தக்காளியோ கத்தரியோ போடாதே, பூண்டோ கீரையோ போடு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். முதல் தட்டு காய்ந்ததும் எத்தனை கிலோவுக்கு எத்தனை கிராம் தேறியது என்று எழுது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: தக்காளி வடாமைப் பற்றி எழுதவில்லையே என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள். ஒரு டம்ளர் ஜவ்வரிசிக்கு ஐந்து டம்ளர் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் நாலு டம்ளர் தண்ணீர், ஒரு டம்ளர் வடிகட்டிய தக்காளிச் சாறு. பச்சை மிளகாய் விழுது, சீரகம், பெருங்காயம். கூழாக இருக்கும்போது உப்பு அரை உப்பாகத் தெரிய வேண்டுமாம், காய்ந்து பொரித்தால் சரியாகிவிடும்.