அளவெடுக்காமல் தைத்த சட்டை

உடற்தகுதிப் பயிற்சித் திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். இந்தப் பருவத்துக்கென நீங்கள் அனுப்பிய பொது வார்ம்-அப் அட்டவணை கிடைத்தது. பந்து வீசுபவர், ஓடுபவர், கோல் காப்பவர் எல்லாருக்கும் ஒரே தாள். ‘மூட்டுக்கு மூட்டு கோட்பாட்டின் அடிப்படையில்’ என்று தலைப்பில் போட்டிருக்கிறீர்கள். எங்கள் வருத்தமே அந்தத் தலைப்பில்தான்.

அமெரிக்கப் பயிற்சி வல்லுநர்கள் கிரே குக்கும் மைக்கேல் பாய்லும் பரப்பிய அந்தக் கோட்பாடு உங்களுக்குப் புதிதல்ல. கணுக்கால் தாராளமாக அசைய வேண்டும், முழங்கால் நிலையாக இருக்க வேண்டும், இடுப்பு மூட்டு அசைய வேண்டும், கீழ்முதுகு நிலையாக இருக்க வேண்டும் என்று மாறி மாறி மேலே போகும். அந்த வரிசையை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. அசைய வேண்டிய மூட்டு அசையாவிட்டால் பக்கத்து மூட்டு அந்த வேலையையும் சேர்த்துச் சுமக்கும் என்பதே அதன் சாரம். அப்படியானால் யாருக்கு எந்த மூட்டு அசையவில்லை என்று முதலில் பார்க்க வேண்டாமா? உங்கள் தாளில் சோதனைக்கென்று ஒரு வரிகூட இல்லை.

முழங்கால் வலி என்று வருபவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு லெக் எக்ஸ்டென்ஷன் (உட்கார்ந்தபடி எடைக்கு எதிராக முழங்காலை நீட்டும் பயிற்சி) 3 செட். வலி குறையவில்லையா, இன்னொரு செட்டும் ஒரு முழங்கால் உறையும். முன்பு கணுக்கால் சுளுக்கியதுண்டா என்று யாரும் கேட்பதில்லை. சுளுக்கு ஆறி வீக்கம் வடிந்த பிறகும் கணுக்கால் முன்பக்கம் மடங்கும் அளவு பல நேரங்களில் முழுதாகத் திரும்புவதில்லை. ஸ்குவாட்டில் இறங்கும்போது கணைக்கால் முன்னே சாய இடம் கிடைக்காது. குதிகால் எழும்பும், இல்லையென்றால் பாதத்தின் உள்வளைவு சரிந்து முழங்கால் உள்நோக்கி விழும். குதித்துத் தரையிறங்கும்போதும் இதே கதைதான். “முழங்காலை வெளியே தள்ளு” என்று பக்கத்தில் நின்று கத்தினால் கணுக்கால் இளகிவிடுமா?

அளப்பது எளிது. காலணியைக் கழற்றி, சுவரைப் பார்த்தபடி பாதத்தை நேராக வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொல்லுங்கள். தொட முடிகிறவரை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தி, பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளங்கள். 10 செ.மீ. வந்தால் பெரும்பாலும் போதும். இரு கால்களுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் கவனிக்க வேண்டும். இறுக்கம் பின்னால் ஆடுதசையில் தெரிந்தால் ஸ்ட்ரெட்சிங் உதவும். முன்னால் மூட்டுக்குள் இடிப்பது போலிருந்தால் எத்தனை நிமிடம் நீட்டினாலும் பலன் குறைவு, பிசியோதெரபிஸ்ட் பார்க்கட்டும். ஒரு சுவர், ஒரு ஸ்கேல், ஆளுக்கு 2 நிமிடம். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

கீழ்முதுகை முறுக்கும் பயிற்சியைப் பக்கத்துக்கு 20 முறை என்று போட்டிருக்கிறீர்கள். அங்கே ஒவ்வொரு முள்ளெலும்பு இணைப்பும் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 1–2 டிகிரிதான் திரும்பும். அந்தச் சிறு மூட்டுகளின் அமைப்பே சுழற்சியைத் தடுப்பதற்கானது. சுழல வேண்டியவை இடுப்பு மூட்டும் மேல்முதுகும். குதிகால்மேல் உட்கார்ந்து முன்னால் குனிந்து, ஒரு கையைத் தரையிலும் மறு கையைப் பிடரியிலும் வைத்து முழங்கையை மேல்நோக்கித் திருப்பச் சொன்னால் கீழ்முதுகு பெருமளவு பூட்டிக்கொள்ளும், மேல்முதுகு வேலை செய்யும்.

தாளில் ‘தோள்பட்டை எலும்பைப் பின்னால் கீழே இழுத்துப் பூட்டவும்’ என்று எழுதியவர் தன் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாரா, தெரியவில்லை. கை 180 டிகிரி உயரும்போது அதில் சுமார் 60 டிகிரி தோள்பட்டை எலும்பின் சுழற்சியால் வருகிறது. ஸ்டெபிலிட்டி, அதாவது மூட்டின் நிலைத்தன்மை என்றால் விறைத்து நிற்பது என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ! அசைவைக் கட்டுப்படுத்தத் தெரிவதுதான் அது. சான்றிதழ் வகுப்புகளில் வண்ண வண்ண ரப்பர் பட்டைகளுக்கு ஒதுக்கும் நேரத்தில் கால்வாசியை இதற்குக் கொடுத்திருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது.

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறோம். தாளைக் கிழிக்கச் சொல்லவில்லை. முதலில் அளவு, பிறகு பயிற்சி என்று மாற்றுங்கள். முதல் பக்கத்தில் மூன்று சோதனைகள் போதும்: சுவர்ச் சோதனை, உட்கார்ந்த நிலையில் இடுப்பு மூட்டின் உள்சுழற்சி (தொடை உள்நோக்கித் திரும்பும் அளவு), மேல்முதுகுச் சுழற்சி. மூன்றையும் இரு பக்கமும் அளந்து, 6 வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்கலாம். ஏற்கெனவே மூட்டுகள் அளவுக்கு மேல் தளர்ந்திருப்பவர்களுக்கு ஸ்ட்ரெட்சிங்கிலிருந்து விலக்கு கொடுங்கள். அவர்களுக்குத் தேவை வலுப் பயிற்சி. ஒரே தசையை 60 விநாடிக்கு மேல் அசையாமல் நீட்டிப் பிடிப்பதை ஓட்டத்துக்கு முன்னால் வைக்காதீர்கள், அது உந்துவிசையைக் குறைக்கும். பயிற்சி முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் அளவு, பிறகு பயிற்சி. திருத்திய தாள் பருவம் தொடங்குவதற்குள் வர வேண்டும். அதுவரை சுவர்ச் சோதனையில் இரு கால்களுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் உள்ளவர்களைக் குதிப்புப் பயிற்சிகளிலிருந்து விலக்கி வைக்கப் பயிற்சியாளர்களுக்கு எழுத்தில் அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
களத்தில் நிற்கும் உடற்தகுதிப் பயிற்சியாளர்கள்