அக்ரஹார மனுவுக்குத் திகதியிட்ட ரசீது கொடுங்கள்: எங்கள் மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாநகர ஆணையாளர் அவர்களுக்கும், கணக்காளர் அவர்களுக்கும், தாபனக் கிளையில் காப்புறுதி விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தர்களுக்கும் வணக்கம்.

சுகாதாரப் பகுதி ஊழியர் ஒருவரின் அக்ரஹார மனு, அதாவது அரச ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதி மனு, போன மாதம் திரும்பி வந்தது உங்களுக்குத் தெரியும். கான், அதாவது வடிகால், துப்புரவு செய்பவர். எலிக்காய்ச்சல் வந்து வார்டில் நிறுத்தினார்கள். சிறுநீர் இறங்காமல் போனதால் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே இரத்தச் சுத்திகரிப்பு செய்துதான் ஆளைக் காப்பாற்றினார்கள். டிக்கட் வெட்டி (ஆஸ்பத்திரியிலிருந்து விடுவித்து) வீட்டுக்கு வந்த அடுத்த வாரமே படிவத்தை நிரப்பி, பில்களையும் டயக்னோசிஸ் காட்டையும் இணைத்துத் தாபனக் கிளையில் கொடுத்தார். மாதக்கணக்கில் ஒரு பதிலும் இல்லை. பிறகு சபையிலிருந்தே வந்தது ஒரே வரி, அதுவும் சிங்களத்தில்: பில்களை வாசிக்க முடியவில்லை, தெளிவான மூலப் பில்களைத் தரவும்.

கொடுத்த அன்றைக்கு அந்தப் பில்களில் எழுத்து இருந்தது. மருந்தின் பெயர், விலை, திகதி எல்லாம் இருந்தது. இப்போது பார்மசிகளும் தனியார் ஆய்வுகூடங்களும் கொடுப்பது மை போட்டு அச்சடித்த பில் அல்ல. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுள்ள கடதாசியில் மெஷின் சூட்டால் எழுதித் தள்ளுகிறது. வெயில், எண்ணெய்க் கை, பசை, பிளாஸ்டிக் உறை என்று எது பட்டாலும் அந்த எழுத்து மங்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று நம் ஆட்கள் பில்லைப் பிளாஸ்டிக் கவருக்குள் போடுகிறார்கள். அந்தக் கவரில் உள்ள இரசாயனமே எழுத்தைத் தின்றுவிடுகிறது. யன்னலோரத் தட்டில் சில மாதம் கிடந்தால் மிஞ்சுவது வெள்ளைத் துண்டுதான்.

மனு திரும்பி வந்த பிறகு, தெரிந்தும் தெரியாமலும் எழுத்து மிஞ்சியிருந்த இரண்டு மூன்று பில்களையாவது காப்பாற்றலாம் என்று அவருடைய மனைவி டவுனில் லெமினேட் பண்ணக் கொடுத்தார். சூட்டில் கறுக்கும் கடதாசி சூடான உருளைக்குள் போய் வெளியே வந்தது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கன்னங்கரேல் என்று வந்தது. அவர் அதையும் எடுத்துக்கொண்டு உங்கள் கவுண்டருக்கு வந்தார். ‘இது செல்லாது’ என்றார்கள். செல்லாது என்பது உண்மைதான். ஆனால் அந்த மருந்துக்கும் வெளியே செய்த இரத்தப் பரிசோதனைக்கும் அந்த வீட்டுத் தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயிருக்கின்றன. வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. சம்பளத்தில் மாதாமாதம் அக்ரஹாரக் கழிவும் நிற்காமல் போகிறது.

ஆகவே எங்கள் முதன்மையான கோரிக்கை இது. காப்புறுதி மனு கையில் கிடைத்த அன்றைக்கே, திகதி முத்திரை குத்தி, இணைப்புகள் எத்தனை என்று எழுதி, ஊழியருக்கு ஒரு ரசீது கொடுங்கள். அன்றிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் மனுவைக் கொழும்பிலுள்ள காப்புறுதி நிதியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கேட்டால் கொழும்பைக் கைகாட்டும் வழக்கம் இருக்கிறது. நிதியம் தாமதிக்கிறது, நாங்கள் என்ன செய்வது என்கிறீர்கள். 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த, அக்ரஹாரவை நடத்தும் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்திலும் குறை இருக்கலாம், அதை வேறாகப் பேசலாம். இந்த மனு கொழும்பையே பார்க்கவில்லை. ஊழியர்களின் படிவங்களை நிரப்பிக் கொடுப்பவர்கள் என்ற முறையில், மனு எங்கெங்கே நிற்கிறது என்று எங்களுக்குத் தெரியும். சொல்கிறோம், தயவுசெய்து கேளுங்கள்.

படிவத்தில் மூன்று கை பட வேண்டும். ஊழியர் தன் பகுதியை நிரப்ப வேண்டும். வைத்தியர் தன் பகுதியை நிரப்பிக் கையெழுத்தும் பதவி முத்திரையும் வைக்க வேண்டும். நிறுவனத் தலைவரும் கணக்குக் கிளையும் இவர் நம் ஊழியர்தான், கழிவு ஒழுங்காகப் போகிறது என்று உறுதிப்படுத்த வேண்டும். முதல் இரண்டும் ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிடும், படிவம் கையில் இருந்தால். ஆனால் நம் சபையில் வெற்றுப் படிவம் தாபனக் கிளை அலுமாரிக்குள் இருக்கிறது. நோய் வந்து படுத்த பிறகு அதை வந்து வாங்க ஆள் இல்லை. டிக்கட் வெட்டிய பிறகு படிவம் கிடைத்தால், வைத்தியரின் கையெழுத்துக்காகத் திரும்பவும் கண்டிக்கோ பேராதனைக்கோ பதுளைக்கோ பஸ் ஏற வேண்டும். போனால் அந்த வைத்தியர் வேறு வார்டில் இருப்பார். பெட் ஹெட் டிக்கட் (வார்டில் நோயாளியின் விபரம் எழுதும் அட்டை) இலக்கத்தைக் குறித்து வைக்காதவர்கள் பதிவேட்டு அறைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிறார்கள். காலையில் வரவு எடுக்கும் மஸ்டர் போடும் இடத்தில், மேற்பார்வையாளர் கையில் பத்துப் படிவம் இருந்தால் இந்த அலைச்சல் பாதி குறையும்.

மூன்றாவது கைதான் உங்களுடையது. மனு தாபனக் கிளைக்கு வருகிறது. சுயவிபரக் கோவை எடுக்க வேண்டும். கோவை வேறு கிளையில் இருக்கிறது. அது வந்ததும் கழிவைப் பார்க்கக் கணக்குக் கிளைக்குப் போக வேண்டும். விடயத்துக்குப் பொறுப்பானவர் லீவில் என்றால் அவர் வரும்வரை மேசையில். அவர் இடமாற்றம் பெற்றுப் போனால், புதியவர் விடயத்தைப் பொறுப்பேற்கும்வரை அதே மேசையில். எல்லாம் சரியான பிறகும், ‘இன்னும் நாலைந்து மனு சேரட்டும், ஒன்றாக அனுப்புவோம்’ என்று தட்டில் வைப்பார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை என்றே நம்புகிறோம். ஆனால் டிக்கட் வெட்டிய நாளிலிருந்து நிதியம் காலக்கெடுவை எண்ணுகிறது. அந்தக் கெடு ஊழியருக்கு மட்டும்தான், மேசைக்கு இல்லை. மேசையில் தாமதித்ததற்கு ஊழியரிடம் சான்று கேட்கிறார்கள். கையில் ரசீது இல்லாதவர் எதைக் காட்டுவார்?

ரசீது கொடுக்கும்போதே இன்னொன்றும் செய்யலாம். பில்களை அங்கேயே போட்டோக் கொப்பி எடுத்து, ‘மூலத்துடன் ஒப்பிடப்பட்டது’ என்று முத்திரை குத்தி மனுவோடு இணையுங்கள். போட்டோக் கொப்பி மை அழியாது. தபாலில் போகும்போது மூலப் பில் மங்கினாலும் உறுதிப்படுத்திய பிரதி பேசும். மெஷின் உங்கள் கிளையிலேயே இருக்கிறது. நாலு தாள்தான் செலவு.

அடுத்தது கழிவுப் பட்டியல். ஊழியரின் சம்பளத்தில் பணத்தைக் கழித்தால் போதாது, யார் யாருக்காகக் கழித்தோம் என்ற பெயர்ப்பட்டியலும் பணத்தோடு போக வேண்டும். அமைய (தற்காலிக) ஊழியராக இருந்து நிரந்தரமானவர்களின் பெயர் சம்பளப் பட்டியலில் ஏறிய பிறகும் இந்தப் பட்டியலில் ஏறாமல் இருந்ததைக் கண்டிருக்கிறோம். வெள்ளி, தங்கம் என்ற கூடிய திட்டங்களுக்குச் சம்மதப் படிவம் கொடுத்தவர்கள் பழைய திட்டத்திலேயே நின்றதையும் கண்டிருக்கிறோம். இது தெரிய வருவது ஆபரேஷன் முடிந்து பில்லோடு வந்து நிற்கும்போதுதான். வருடத்துக்கு ஒரு தடவை, ஜனவரிச் சம்பளத்தோடு அந்தப் பட்டியலை மஸ்டர் இடத்தில் ஒட்டுங்கள். தன் பெயர் இருக்கிறதா என்று ஊழியரே பார்த்துக்கொள்வார்.

பெயர்ச் சிக்கலும் இருக்கிறது. மலையகத் தமிழருக்கு இது பரம்பரைத் தொல்லை. அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக முன்னே நிற்கும். சம்பளப் பட்டியலில் முதலெழுத்து மட்டும் இருக்கும். ஆஸ்பத்திரி அட்டையில் வார்டில் யாரோ கேட்டு எழுதியது இருக்கும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் இன்னொரு விதமாக இருக்கும். ஒவ்வொரு மனுவுக்கும் சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி எடுக்கச் சொல்கிறீர்கள். ஒரு தடவை எடுத்து, அதைச் சுயவிபரக் கோவையில் போட்டு, பிறகு வரும் மனுக்களுக்கு அதன் பிரதியை இணைத்தால் போதுமே. நூறு வருடத்துக்கு மேலாக இந்த நகரங்களின் குப்பையை அள்ளும் சனத்திடம் ஒவ்வொரு தடவையும் ‘நீ யார்’ என்று கேட்பது மனதைச் சுடுகிறது, ஐயா.

மொழியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியானது. மனு திரும்பும்போது இணைக்கும் அந்த ஒரு வரிக் கடிதத்தைத் தமிழில் எழுத இன்றைக்கும் நம் சபையில் ஆள் இல்லை. என்ன குறை என்றே தெரியாமல் அதே தாள்களைத் திரும்பக் கொண்டு வந்து கொடுத்தவர்கள் உண்டு. கடிதம் ஊழியர்கள் குடியிருக்கும் கவுன்சில் லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) போய்ச் சேர்வதும் அரிது, அங்கே வீட்டு இலக்கமே ஒழுங்காக இல்லை. எனவே கடிதத்தைத் தபாலில் போடுவதோடு மேற்பார்வையாளர் மூலமும் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் காப்புறுதி உள்ளவர்களின் நிலை. அதே கானில், அதே சேற்றில், அதே கூலிக்கு இறங்கும் அமைய ஊழியர்களின் சம்பளத் துண்டில் இந்தக் கழிவே கிடையாது. அவர்களுக்கு எலிக்காய்ச்சல் வந்தால் கேட்க ஒரு படிவமும் இல்லை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள ஒரு சின்னக் கீறல் வழியாக உள்ளே போகிறது. காய்ச்சல், கெண்டைக்காலில் கொல்லும் வலி, கண் சிவப்பு, பிறகு சிறுநீர் குறைவது. நிரந்தரமா அமையமா என்று அந்தக் கிருமி பார்ப்பதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் டொக்ஸிசைக்ளின் கொடுக்கும் ஏற்பாடு ஆபத்தான வேலை செய்பவர்களுக்கென்றே இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரியின் காரியாலயம் மூலம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதை மஸ்டரிலேயே கொடுக்கலாம். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், ஆகவே தேத்தண்ணிக்குப் பிறகு, ஏதாவது சாப்பிட்ட கையோடு கொடுக்க வேண்டும். யாருக்குக் கொடுத்தோம் என்று பெயர் குறிக்க வேண்டும். நம் சபையில் மழைக்கால ஆரம்பத்தில் ஒன்றிரண்டு வாரம் கொடுத்துவிட்டு நிறுத்துகிறார்கள். பூட்ஸ் கிழிந்தால் அடுத்த பூட்ஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கிழிந்த பூட்ஸுக்குள் நிற்கும் தண்ணீர் வெறுங்காலை விட மோசம், மணிக்கணக்கில் கால் அதிலேயே ஊறுகிறது. மனு திரும்பி வந்த அந்த ஊழியர் காய்ச்சலுக்கு முன் கடைசியாக வேலைக்கு வந்த நாள் போட்டிருந்த பூட்ஸின் இடது குதிகால் பிளந்திருந்தது. அதைப் பற்றி அவர் மேற்பார்வையாளரிடம் சொல்லியும் இருந்தார்.

கோபத்தில் விடயத்தை விட்டு விலகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். காப்பதும் இல்லாமல், காப்புறுதியும் கிடைக்காமல் போகும்போது பேச்சு இப்படித்தான் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் புதிதாகப் பணம் கேட்கவில்லை. சபை தீர்மானம் நிறைவேற்ற வேண்டிய காரியமும் இல்லை. ஒரு ரசீதுப் புத்தகம், ஒரு திகதி முத்திரை, மனு வந்த திகதியும் போன திகதியும் பதிவுத் தபால் இலக்கமும் எழுத ஒரு பதிவேடு. விடயத்துக்குப் பொறுப்பானவர் லீவில் போனால் அந்தப் புத்தகத்தை யார் எடுப்பது என்று ஆணையாளர் அவர்களின் கையெழுத்தோடு ஒரு உள்ளகக் கடிதம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்த மனு எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது என்று நாங்கள் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு உங்கள் கவுண்டருக்கு வர எங்களுக்கு விருப்பமில்லை. ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறோம்.

அந்த ஊழியருக்குப் பில் கொடுத்த பார்மசியும் ஆய்வுகூடமும் கணினியில் பழைய பற்றுச்சீட்டுகளை வைத்திருக்கக்கூடும். ஊழியர் போய்க் கேட்டால் தரமாட்டார்கள் என்றால், சபையின் கடிதத் தலைப்பில் மறுபிரதி கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள். அவருடைய மனு தாபனக் கிளையில் எந்தத் திகதியில் கிடைத்தது, தாமதம் யாருடையது என்பதையும் நிதியத்துக்கு நேர்மையாக எழுதுங்கள். அதை இந்த வாரமே செய்து தரும்படி தயவாகக் கேட்கிறோம். இனி வரும் மனுக்களுக்கு, கொடுத்த அன்றே திகதியிட்ட ரசீதும் ஏழு வேலை நாட்களுக்குள் பதிவுத் தபாலும் வேண்டும். அடுத்த மாதச் சம்பள நாளிலிருந்து இதைத் தொடங்குங்கள். தொடங்கினால், மனுக்களைச் சரிபார்த்து, இணைப்புகளை ஒழுங்காக அடுக்கி, குறையில்லாமல் உங்கள் மேசைக்குக் கொண்டு வரும் பொறுப்பை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சுகாதாரப் பகுதி ஊழியர்களின் காப்புறுதி மனுக்களை நிரப்பிக் கொடுக்கும் சக ஊழியர்கள்