பெட்டிக்கு உள்ளளவே கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காருக்கான சப்வூஃபர் (தாழ்ந்த, ஆழமான ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்வது பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். "நாலு பலகையை வெட்டி ஒட்டத் தெரிந்த எந்தத் தச்சரும் அரை நாளில் முடித்துவிடுவார்" என்று அதில் ஒரு வரி. பெட்டிக்குப் பலகை ஆறு என்பதை விட்டுவிடுவோம். நான் 27 ஆண்டுகளாகக் கதவும் சன்னலும் செய்துவரும் தச்சன். கட்டுரையாளர் மீது எனக்குக் கோபம் இல்லை. போன ஆண்டு நானும் அதையேதான் சொன்னேன். அப்படிச் சொல்லிச் செய்த பெட்டி இப்போது என் பட்டறை மூலையில் ஆணி போட்டு வைக்கப் பயன்படுகிறது.

என் அண்ணன் மகன் பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்தான். அதனோடு வந்த தாளில், காற்றுத்துளை இல்லாத மூடிய பெட்டி என்றால் உள்ளே 18 லிட்டர் என்று போட்டிருந்தது. 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம், 20 செ.மீ. ஆழம், பெருக்கினால் கச்சிதமாக 18,000 கன செ.மீ. அதாவது 18 லிட்டர். 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) வெட்டி, ஒட்டி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, அன்று மாலையே கொடுத்துவிட்டேன். வண்டியில் வைத்துப் பாட்டைப் போட்டால் டிரம்முக்கும் பேஸ் கிட்டாருக்கும் வேற்றுமை தெரியவில்லை. எல்லாச் சுரமும் ஒரே 'தொம்' ஆகிவிட்டது. பையன் என் முகத்தைப் பார்க்காமல், "சித்தப்பா, நீங்கள் வெளியளவை எடுத்துவிட்டீர்கள்" என்றான்.

அலமாரி செய்கிறவன் வெளியளவைத்தான் முதலில் எடுப்பான்; அது சுவருக்குள் அடங்க வேண்டுமே. கை அந்தப் பழக்கத்திலேயே போய்விட்டது. இரண்டு பக்கப் பலகையின் கனத்தையும் கழித்தால் உள்ளே 26.4 × 26.4 × 16.4 செ.மீ. தான் மிச்சம். அது 11.4 லிட்டர். ஸ்பீக்கரின் காந்தமும் சட்டமும் உள்ளே அடைத்துக்கொள்ளும் இடத்தையும் கழித்தால் 10 லிட்டர்தான் தேறும். ஏறத்தாழப் பாதி காற்று காணாமல் போயிருந்தது.

காற்றுப் போனால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஸ்பீக்கரின் முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும் கூம்புதான் கோன். மூடிய பெட்டியில் அடைபட்ட காற்றுத்தான் அதற்குப் பின்னால் இருக்கும் சுருள்வில். எட்கர் வில்சர் என்ற அமெரிக்கர் 1954இல் இந்தக் காற்று வில்லை நம்பியே சிறிய பெட்டியில் ஆழமான ஒலியைக் கொண்டுவந்தார். வில் விறைத்துவிட்டால் கோன் ஆழமான சுரங்களுக்கு அசைந்து கொடுக்காது. அதற்குச் சற்று மேலே ஓரிடத்தில் மட்டும் முண்டி எழும். நான் கேட்ட 'தொம்' அதுதான். எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு காற்று என்பதை ஊகத்தில் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் 1961இல் நெவில் தீல் ஒரு கட்டுரையில் வகுத்து, 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்துச் சொன்ன அளவைகளைத்தான் இன்றும் ஸ்பீக்கரோடு வரும் தாளில் அச்சிடுகிறார்கள்.

தங்கள் கட்டுரையோ "பெட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, ஒரு துளை போட்டால் இன்னும் சத்தம் வரும்" என்கிறது. இதைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை. அந்தத் துளையில் பொருத்தும் குழாயின் விட்டமும் நீளமும் பெட்டியின் கொள்ளளவும் சேர்ந்துதான் அது எந்த அதிர்வெண்ணில் பேசும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அதற்குக் கீழே உள்ள சுரம் வந்தால் கோனுக்குப் பின்னால் காற்றின் பிடிப்பே இருக்காது; துள்ளித் துள்ளி, அதை அசைக்கும் கம்பிச்சுருள் அடிபடும். கட்டுரையைப் படித்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் துளைக் கருவியைக் கையில் எடுத்தார்களோ!

இரண்டாவது பெட்டிக்கு எனக்கு ஒன்பது மாலைகள் ஆயின. பின் இருக்கையின் சாய்வுக்கு ஏற்பப் பின்பலகையைச் சாய்த்தேன். உள்ளளவு: அகலம் 36, உயரம் 29, ஆழம் மேலே 15, கீழே 23 செ.மீ. சராசரி ஆழம் 19 என்று வைத்துப் பெருக்கினால் 19.8 லிட்டர். ஸ்பீக்கருக்கு 1.4, குறுக்குக் கட்டைக்கு 0.4 போக 18 நின்றது. எம்.டி.எஃப். பலகையின் விளிம்பில் முன்துளை போடாமல் திருகாணியை இறக்கினால் அடை அடையாகப் பிளந்துவிடும். ஒரு பலகையை அப்படித்தான் இழந்தேன். அதன் தூள் மாவைவிட மென்மையானது, முகமூடி இல்லாமல் அறுக்கவே கூடாது. இணைப்புகளின் உட்புறம் முழுக்க சிலிக்கான் பூசினேன். அது காயும்போது காடி நெடி அடிக்கும் வகை. நெடி அடங்கும்வரை ஸ்பீக்கரைப் பொருத்தாமல் காத்திருந்தேன். கதவில் மயிரிழை இடைவெளி இருந்தால் யாருக்கும் தெரியாது, இதில் சீழ்க்கையே அடிக்கும். கோனை இரு பக்கமும் விரல் வைத்து மெல்ல அழுத்திவிட்டேன். சோம்பலாகத் திரும்பி வந்தால் காற்று கசியவில்லை என்று பொருள். முதல் முறை வெடுக்கென்று திரும்பியது. ஒயர் போகும் துளையை அடைக்க மறந்திருந்தேன்.

கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாத விஷயம், பெட்டியை வண்டியோடு பிணைப்பது. என் பெட்டி ஸ்பீக்கரோடு சேர்ந்து ஏறக்குறைய 12 கிலோ. சும்மா வைத்துவிட்டு வேகத்தில் பிரேக் போட்டால் அது இருக்கையின் முதுகைத்தான் தேடி வரும். கோண இரும்பு வைத்துத் தரைத்தகட்டோடு போல்ட் போட வேண்டும். துளையிடும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து, எரிபொருள் தொட்டியும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். ஆம்பிளிஃபயருக்குப் போகும் மின்கம்பியில் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, 45 செ.மீ.க்குள் இருக்கட்டும். ஆம்பிளிஃபயர் பக்கம் வைத்தால் நடுவில் கம்பி உரசித் தகட்டில் பட்டு எரியும்போது அது உதவாது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் வாரம் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் 'அளவுகள் அனைத்தும் உள்ளளவு' என்ற ஒரு வரியையும், ஃபியூஸ், போல்ட் பற்றிய இரண்டு வரிகளையும் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதவில்லை என்றால் அந்த 'அரை நாள்' வரியை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கதவு செய்யும் தச்சன்