ஹெச்எம் மேடத்துக்கு, அச்சாகாத படத்துக்குப் போன 5 மார்க் பத்தி

வணக்கம் மேடம். கணக்கு மாசத் தேர்வுல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், பேரன்ட்ஸ் மீட்டிங்ல சொன்னப்போ "பாக்கலாம்"னீங்க, மூணு வாரம் ஓடிருச்சு, அதான் எழுதுறேன்.

25 மார்க் பேப்பர். அதுல 5 மார்க்குக்கு, படத்துல இருக்கற நாற்கரத்தோட கோணங்களைக் கண்டுபிடின்னு ஒரு கேள்வி, ஆனா படமே அச்சாகல. 9-பி-ல படிக்கிற எம்பொண்ணு கொஸ்டின் பேப்பரை வாங்கிப் பாத்தேன். படம் வரவேண்டிய எடத்துல அவளே பென்சில்ல நாற்கரம் போட்டுப் போட்டு அழிச்சிருக்கா, தாள் தேஞ்சு பின்பக்கம் தெரியுது. மிச்சம் 20-க்கு 15 எடுத்திருக்கா, அப்ப நூத்துக்கு 75. நீங்க 25-க்கு 15-னு வெச்சு நாலால பெருக்கி 60 போட்டுட்டீங்க. பி1 கிரேடு வரவேண்டிய புள்ளைக்கு சி1.

70-க்குக் கீழன்னு ஸ்பெஷல் கிளாஸ் வேற, 6.30 வரைக்கும். எங்க ஊர் பஸ் 5.40-க்குப் போயிரும், அடுத்தது 8 மணிக்குத்தான். நான் ஷிஃப்ட்ல இருப்பேன், 14 வயசுப் புள்ள பஸ் ஸ்டாண்ட்ல தனியா நிக்குது மேடம்.

ஏ செக்‌ஷனுக்கு வேற டீச்சர், வேற பேப்பர், அதுல எந்தத் தப்பும் இல்ல. ரெண்டையும் நாலால பெருக்கி ஒரே ரேங்க் லிஸ்ட்ல ஒட்டுனா எப்படி சரியாகும்? இன்ஜினியரிங் கவுன்சிலிங்லயே வேற போர்டு மார்க்கை அந்தந்த போர்டோட டாப் மார்க்கைப் பாத்து சமப்படுத்தித்தான சேக்குறாங்க. ஸ்கூல் டெஸ்ட்தானேன்னு விட முடியாது, 2020-ல பத்தாவது பரீட்சை ரத்தானப்போ காலாண்டு அரையாண்டு மார்க்குலேர்ந்துதான் இறுதி மார்க்கோட 80 சதவீதத்தை எடுத்தாங்க.

ஃபீஸ் ஒரு நாள் லேட்டானா ஆபீஸ்லேர்ந்து ரெண்டு தடவை போன் வருது. புள்ளைக்குப் போன மார்க்குக்கு மூணு வாரமா ஒருத்தரும் பதில் சொல்லல.

கோவத்துல ரெண்டு வார்த்தை கூட வந்திருந்தா மன்னிச்சுக்கங்க. தயவுபண்ணி அந்தக் கேள்வியை நீக்கிட்டு பி செக்‌ஷன் மொத்தத்துக்கும் 20-க்கு எவ்வளவுன்னு பாத்து நூத்துக்கு மாத்துங்க, எம்பொண்ணுக்கு மட்டும் வேணாம். ரேங்க் போடறதுன்னா ரெண்டு செக்‌ஷனையும் சமப்படுத்திட்டுப் போடுங்க.

ரிப்போர்ட் கார்டுல இன்னும் கையெழுத்து போடல, பையிலயேதான் இருக்கு. திருத்தி அனுப்புங்க, அன்னைக்கே போட்டுத் தர்றேன்.

இப்படிக்கு,
9-பி மாணவி ஒருத்தியோட அப்பா