ஏழு லட்சமும் ஆறரை அடி கேட்டும்

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பு மகளுக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ அனுப்பிய ஏழு லட்சம் வங்கியில் அப்படியே இருக்கிறது. மூன்று வாரமாகப் பழைய மின்சார கார்களைப் பார்த்துவருகிறேன். நீ ஆசைப்பட்ட நெக்ஸானை நான் வாங்கப்போவதில்லை. கோபப்படாமல் காரணத்தைக் கேள்.

முதல் காரணம் நம் வீட்டுக் கேட். டேப் வைத்து அளந்தேன், சரியாக ஆறரை அடி. நெக்ஸானின் அகலம் 1,811 மில்லிமீட்டர். கண்ணாடிகளை மடக்கி உள்ளே விட்டால் இரண்டு பக்கமும் நான்கு விரல் இடம் மிஞ்சும். நான் தினமும் நான்கு விரலை நம்பி வண்டி ஓட்டும் வயதில் இல்லை. தெருவில் நிறுத்தலாமே என்பாய். தெருவில் நின்றால் சார்ஜ் எப்படிப் போடுவது? ஜன்னல் வழியாக ஒயரை விட்டுத் தெருக்குழாய்க்குப் பக்கத்தில் போட்டுவைக்கவா? முப்பத்தைந்து ஆண்டு ரயில்வேயில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் வீட்டில் அது நடக்காது.

இரண்டாவது, அதன் வயது. நான் பார்த்தது 2020 மார்ச்சில் பதிவானது. நல்ல வண்டிதான். உள்ளே உட்கார்ந்த அம்மாவுக்கு இறங்க மனமில்லை. ஆனால் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் உத்தரவாதம் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை. 2028 மார்ச்சோடு அது தீர்ந்துவிடும். பழைய மின்சார காரில் விலை உயர்ந்த பொருள் பேட்டரிதான். மற்றதெல்லாம் தகரமும் சீட்டும். அதனால் கிலோமீட்டருக்கு முன்னால் பதிவுத் தேதியைத்தான் பார்க்கிறேன்.

எம்.ஜி. காமெட்டையும் விடவில்லை. மூன்று மீட்டருக்கும் குறைவான நீளம், நம் தெருவுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. ஆனால் இரண்டே கதவு, இரண்டும் நீளமான கதவு. நம் நடையில் நிறுத்திவிட்டுக் கதவை முழுதாகத் திறக்க முடியாது. பாதி திறந்த கதவுக்குள் அம்மா முழங்காலை மடக்கி ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். பிசியோதெரபிக்குப் போவதற்காக வாங்கும் வண்டியிலேயே முழங்கால் போய்விடும்.

வியாசர்பாடிப் பக்கம் ஒரு வண்டி மலிவாக வந்தது. எந்த வண்டி என்று எழுதவில்லை, வண்டி மேல் தப்பில்லை. மெருகு போட்டு மின்னியது. நான் எந்தப் பழைய காரைப் பார்த்தாலும் செய்வதையே செய்தேன்: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். தினமும் வெளியே தெரியும் முக்கால் பாகம் கறுப்பாகச் சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி ஒரு முழத்தில் காப்பிக் கறை போல ஒரு கோடு. விரலால் தேய்த்தேன், பொடியாக உதிர்ந்தது, சேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது உனக்கும் தெரியும். பேட்டரிப் பெட்டி தண்ணீர் புகாதபடி அடைத்து வருகிறதுதான், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று தரச்சான்றும் உண்டு. நம் ஊர் வெள்ளம் அரை மணி நேரத்திலா வடிகிறது? விற்பவரிடம் கேட்டேன். "மழைத் தண்ணிதான் சார்" என்றார். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொன்றை ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, காட்டிக்கொடுத்தது. சொந்த உபயோக மின்சார வண்டிக்குப் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்து. பலகை வெள்ளை எழுத்துக்கு மாறியிருந்தது, ஆர்.சி.யில் வாடகை வண்டி என்ற பழைய பதிவு மாறவில்லை. டாக்சியாக ஓடி, தினமும் வேகச் சார்ஜரில் வெந்த பேட்டரி எனக்கு வேண்டாம்.

இப்போது நான் சொல்ல வந்த வண்டி: டாடா டியாகோ, 24 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி, 2023 ஜூன் பதிவு, 21,000 கிலோமீட்டர், ஒரே கை. அகலம் 1,677. உத்தரவாதம் 2031 வரை இருக்கிறது. அது நம் பெயருக்கும் தொடருமா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பெரம்பூரில் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியர் வைத்திருக்கிறார். முன்பக்கம் வலது மூலையில் ஒரு கீறல் இருக்கிறது, எப்படி வந்தது என்று கேட்காமலே சொன்னார். ஆறேகால் கேட்கிறார்.

முழு சார்ஜில் எடுத்துக்கொண்டு, ஏ.சி. போட்டு, மீஞ்சூர் வரை போய்த் திரும்பினோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நகர்ந்ததும் அதில் அடக்கம். 46 கிலோமீட்டர். சார்ஜ் நூறு சதவீதத்தில் கிளம்பி 75-இல் வந்து நின்றது. அப்படியானால் முழுசாக 180 சொச்சம். விளம்பரத்தில் 315 என்று போட்டிருந்தார்கள். அது சோதனைக்கூடத்துக் கணக்கு, எந்தக் கம்பெனியும் அப்படித்தான் போடும். நமக்கு பிசியோதெரபிக்கு ராயபுரம் போய்வரப் பத்து கிலோமீட்டர்கூட ஆகாது.

இன்னும் ஒன்று பாக்கி. ரயிலின் ஏ.சி. பெட்டிக்கு அடியில் 56 பேட்டரி செல் இருக்கும், ஒவ்வொன்றாக மூடி திறந்து, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தவன் நான். ஒரு செல் சோர்ந்தால் வரிசை முழுவதும் அதன் தகுதிக்கு இறங்கிவிடும். இதில் மூடி திறக்க முடியாது, கம்ப்யூட்டரை மாட்டித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் காட்டும் அறிக்கை புதன்கிழமை வருகிறது. அதிக வோல்டேஜ் உள்ள செல்லுக்கும் குறைந்த செல்லுக்கும் வித்தியாசம் அதிகமிருந்தால் ஆசிரியருக்கும் ஒரு வணக்கம் போட்டுவிடுவேன். இவ்வளவு பெரிய பேட்டரி இருந்தும், பானெட்டுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்தால் வண்டி அசையாது என்று தெரிந்தபோது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

கரண்ட் பில் பற்றி அம்மா கவலைப்படுகிறாள். இரண்டு மாதத்துக்கு நாம் 380 யூனிட் வரை எரிக்கிறோம். காருக்கு 90 சேர்த்தாலும் 470. ஐந்நூறைத் தாண்டினால் கணக்கே வேறு. கோடையில் நீ வந்து ஏ.சி.யை இரவு முழுக்க ஓடவிடும் மாதம் மட்டும் தாண்டும், அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆர்.சி. உன் பெயரிலா, என் பெயரிலா? செவ்வாய்க்குள் சொல். மீட்டரிலிருந்து நடை வரை இழுக்க 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் பன்னிரண்டு மீட்டர் வாங்கி வைத்துவிட்டேன், எர்த் குழியும் புதிதாகப் போடப்போகிறேன். கார் அமையாவிட்டால் ஒயரை அம்மாவின் கிரைண்டருக்கு மாட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா